ழூயிச் சீலை வந்த வழி

1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸின் ஷாம் த மார்ஸ் மைதானத்திலிருந்து ஒரு பலூன் மேலே போனது. பட்டுத் துணிக்கு ரப்பர் பூசி, உள்ளே ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி அதைப் பறக்கவிட்டவர் ழாக் ஷார்ல் என்ற இயற்பியலாளர். ஆள் யாரும் அதில் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் மிதந்துவிட்டு, தலைநகருக்கு வடக்கே கொனெஸ் என்ற ஊரில் விழுந்தது. வானத்திலிருந்து இறங்கி, தரையில் புரண்டு, நாறும் காற்றைக் கக்கிய அந்தப் பொருளைக் கண்டு ஊர்க்காரர்கள் மிரண்டுபோனார்கள். கவைக்கோலோடு ஓடிவந்து குத்திக் கிழித்தார்கள்.

அடுத்த ஆண்டே இந்தக் காட்சி வீட்டுத் திரைச்சீலையாகக் கடைக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரே நிறத்தில் பலூன், கிராமத்தார், கவைக்கோல், மரங்கள். கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டார்கள், நாற்காலிக்கு உறை தைத்தார்கள், சுவரை மறைக்கவும் கட்டினார்கள். ஒரு முழுத் திரையில் அந்தப் பலூன் ஒரு மீட்டருக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருக்கும். அச்சிட்ட இடம் வெர்சாய் அரண்மனைக்கு அருகே, பியேவ்ர் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கும் ழூயி-ஆன்-ழோசாஸ். ஊர்ப்பெயரே பிறகு இந்த வகைத் துணிக்கெல்லாம் பெயராகிவிட்டது. வேறு ஊரில் அச்சடித்தாலும் ழூயிச் சீலை என்றுதான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

இந்தச் சீலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படத்தில் யார் இருக்கிறார், எந்த ஆண்டு, எந்த ஓவியர் என்றே எழுதுகிறார்கள். எனக்குப் படத்துக்கு அடியில் கிடக்கும் துணியும் அதில் பிடித்த நிறமும் அதே அளவு முக்கியம். அவை இரண்டும் நடந்து வந்த வழியில் பாதி, நம்முடைய சோழமண்டலக் கரையில் கிடக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வண்ணச் சீலைகள் போய் இறங்கியபோது ஐரோப்பியரைத் திகைக்க வைத்தது பூவேலை மட்டுமல்ல. துவைத்தால் சாயம் போகவில்லை என்பதுதான் பெரிய வியப்பு. அவர்கள் துணியில் அதுவரை அச்சடித்து வந்த வண்ணங்கள் மேலாகப் பூசப்பட்டவை, தண்ணீர் பட்டால் கலைந்துவிடும். நம் கரையில் வேலை வேறு விதமாக நடந்தது. வெள்ளைத் துணியை முதலில் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். பாலில் உள்ள கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் நிறுத்தும். இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அது கறுத்துவிடும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தடவுவார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. தடவிய இடம் எழுதுபவன் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பதங்கக் கட்டைச் சாயத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

அதன் பிறகுதான் சாயவேர். கொப்பரையில் வேர்த்தூளோடு துணி முழுவதையும் போட்டுக் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல், சாணத் தண்ணீரிலும் வெயிலிலும் போட்டு வெளுக்கும்போது போய்விடும். நீலத்துக்கு மெழுகு. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். ஆக, சிவப்புச் சாயத்தை யாரும் துணியில் எழுதவில்லை. சாயம் எங்கே தங்க வேண்டும் என்பதை மட்டுமே எழுதினார்கள். இந்த ஒரு சூட்சுமத்தின் மேல்தான் ஐரோப்பாவின் பருத்தி அச்சுத் தொழில் முழுவதும் எழும்பியது. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. ழூயியில் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடித்தபோதும் துணியில் இறங்கியது பசை சேர்த்துக் கெட்டியாக்கிய படிகாரமும் இரும்புக் கரைசலும்தான். சாய வேருக்கு அங்கே மஞ்சிட்டி இனத்து வேரைப் பயன்படுத்தினார்கள். படிகாரத்தில் சிவப்பு, இரும்பில் ஊதாவும் கறுப்பும் என்ற கணக்கு அப்படியே இருந்தது. சாணத் தொட்டிகூட இருந்தது.

சாயவேர் மணற்பாங்கான கடற்கரையில் தானாக முளைக்கும் சிறு செடியின் வேர். சிப்பி பொடிந்து சுண்ணாம்புச் சத்து ஏறிய மண்ணில் கிடைப்பது நல்ல சிவப்பு தரும் என்பது சாயக்காரர்கள் கண்டறிந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர் ஆட்சியில் சாயவேர் தோண்டும் உரிமையே குத்தகைக்கு விடப்பட்டது. ஒரு வேருக்கு அத்தனை மதிப்பு.

இவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய சீலையை பிரான்ஸ் திடீரென்று தடை செய்தது. கம்பளி, பட்டு நெசவாளர் சங்கங்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று முறையிட, 1686 அக்டோபர் 26 அன்று அரசாணை வந்தது: வண்ணப் பருத்தி உள்ளே வரக்கூடாது, நாட்டுக்குள் அச்சடிக்கவும் கூடாது. அச்சுக் கட்டைகளை உடைத்தார்கள், பிடிபட்ட துணியை எரித்தார்கள், கடத்தியவர்களைத் துடுப்புக் கப்பலில் தண்டனைக் கைதிகளாகத் தள்ளினார்கள். தெருவில் போகும் பெண்கள் சீட்டித் துணி உடுத்தியிருந்தால் மறித்துப் பிடித்தார்கள். ஆனால் அரசனுக்கு நெருக்கமான பொம்பதூர் சீமாட்டியின் பெல்வியூ மாளிகையில் அதே துணி அறைகளை அலங்கரித்தது. தடை 1759 வரை, எழுபத்து மூன்று ஆண்டுகள் நீடித்தது. இந்த நேரத்தில் அச்சுக் கலை அறிந்த புரோட்டஸ்டண்டுகள் பலர் மதக் கொடுமைக்குத் தப்பி சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மன் நாடுகளுக்கும் போய் அங்கே பட்டறை போட்டார்கள். பிரான்ஸ் தன் கைத்தொழிலைக் காப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு புதுத் தொழிலையே அண்டை நாடுகளுக்குக் கொடுத்துவிட்டது.

தடை இருந்த அதே காலத்தில், ரகசியத்தைக் கற்றுக்கொள்ளும் முயற்சி மட்டும் நிற்கவில்லை. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரரின் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து எழுதினார். பாரிஸிலிருந்து அதைக் கேட்டவர் துஃபே என்ற வேதியியலாளர். பொலியூ எழுத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். கஞ்சி நீங்கிய வெள்ளை, கறுப்புக் கோடு ஏறியது, மெழுகிட்டது, நீலம் முக்கியது, சிவந்தது என்று வரிசையாக. அந்தத் துண்டுகள் பாரிஸின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பில் பிழைத்துக் கிடக்கின்றன. புதுச்சேரிச் சாயக்காரர் ஒருவரின் கைவேலை, செய்முறைப் படிகளோடு, முந்நூறு ஆண்டுகளை நெருங்கிக்கொண்டிருக்கிறது. உலக நெசவு வரலாற்றில் இதற்கு ஈடான ஆவணம் அரிது.

எட்டாண்டு கழித்து, 1742 ஜனவரியில், கேர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார் இதே செய்முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் புதிதாகக் கிறிஸ்தவர்களான சாயக்காரர்கள். கடிதம் சபையின் தொகுப்பில் அச்சாகி ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது. கேர்தூவின் பெயர் நிலைத்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவர்கள் அதில் புதுக் கிறிஸ்தவர்கள் என்ற பொதுச்சொல்லாக மட்டுமே நிற்கிறார்கள். பாவமன்னிப்புக்கு வந்த இடத்தில் தொழில் ரகசியத்தையும் கேட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? எனக்கு இந்தக் கடிதத்தின் மேல் மரியாதையும் உண்டு, வருத்தமும் உண்டு.

தடை நீங்கியதும் வந்தவர் கிறிஸ்தோஃப் ஃபிலிப் ஓபர்காம்ஃப். வூர்ட்டம்பர்க்கில் 1738இல் சாயக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவிடம் தொழில் படித்து, மூலூஸில் வேலை பார்த்து, பாரிஸ் வந்து சேர்ந்தார். 1760 மே 1 அன்று ழூயியில் முதல் துணியை அச்சடித்தபோது அவருக்கு 22 வயது நிறையவில்லை. தண்ணீருக்காகவே அந்த ஊரைத் தேர்ந்தார். ஆற்று நீர், வெளுக்கப்போட விரிந்த புல்வெளி, பக்கத்திலேயே அரண்மனை வாடிக்கையாளர்கள். வேறென்ன வேண்டும்?

அதே 1760இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. வென்றவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். துணி வணிகத்தையும் துபாஷ் பதவியையும் நடத்தி, 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வந்த ஆனந்தரங்கப் பிள்ளை சரணடைவதற்குச் சில நாட்கள் முன்பு காலமானார். கற்றுக்கொடுத்த ஊர் இடிந்து விழுந்த மாதங்களில் கற்றுக்கொண்ட ஊரில் பட்டறை எழுந்தது. ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் என்னால் ழூயியின் கதையை எழுத முடியாது.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்த பிறகு துணி மூட்டைகளும் மறுபடி கப்பல் ஏறின. ஓபர்காம்ஃப் அச்சிட்ட வெள்ளைப் பருத்தியில் நல்லதெல்லாம் பெரும்பாலும் இந்தியத் தறிகளில் நெய்தது. லோரியான் துறைமுகத்தில் நடந்த ஏலங்களில் வாங்கியது. மெல்லிய, நெருக்கமான, ஒரே சீரான நூலில் நெய்த அந்தத் துணிக்கு ஈடாக பிரான்சில் நெய்ய அப்போது ஆளில்லை. நேர்த்தியான கோட்டுக்கு நேர்த்தியான துணி வேண்டும். படத்தின் முகம் தெளிவாக வந்ததில் நம் நெசவாளியின் பங்கு பாதி.

ஆரம்பத்தில் எல்லாம் மர அச்சு, எல்லாம் பூ. கடைசி வரை ழூயியின் பெரும்பகுதி விற்பனை பூவேலைதான். காட்சிச் சீலைகள் சிறு பகுதி. அந்தச் சிறு பகுதிக்கு வழி செய்தது செப்புத் தகடு. டப்ளினுக்கு அருகே டிரம்காண்ட்ராவில் பிரான்சிஸ் நிக்சன் என்பவர் 1752இல் செப்புத் தகட்டால் துணியில் அச்சடித்துக் காட்டினார். அது இங்கிலாந்துக்குப் போய், 1770இல் ழூயிக்கு வந்தது. மரக் கட்டையைக் கையால் தூக்கி அழுத்த வேண்டும் என்பதால் அதன் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. தகடு ஒரு மீட்டர் வரை பெரிதாக இருக்கலாம், கோடு மயிரிழை போல் வரும், நிழல் விழும், முகபாவம் தெரியும். ஒரு தகட்டில் பல நிறம் ஏற்றுவது கடினம். அதனால்தான் ஒரே சிவப்பு, அல்லது ஒரே ஊதா, அல்லது ஒரே நீலம். இன்று நாம் அந்த ஒற்றை நிறத்தை அழகுணர்ச்சி என்று பாராட்டுகிறோம். தொழில்முறையின் கட்டாயத்திலிருந்து வந்த அழகு அது.

1783இல் ஓபர்காம்ஃப்பின் பட்டறைக்கு அரச பட்டறை என்ற பட்டம் கிடைத்தது. அந்தச் சமயத்தில் அவர் ழான் பாப்திஸ்த் உவே என்ற ஓவியரை அமர்த்தினார். ஆடு, மாடு, நாய், சேவல் வரைவதில் பெயர் பெற்றவர். அவருடைய முதல் சீலை பட்டறையின் வேலைகளையே காட்டியது. எனக்கு ழூயிச் சீலைகளிலேயே இதுதான் பிடித்தது. துணியை ஆற்றில் அடித்து அலசுகிறார்கள், புல்வெளியில் நீளநீளமாக விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள், கொப்பரையில் சாயம் காய்ச்சுகிறார்கள். மர அச்சுக்காரன் மேசையில் குனிந்திருக்க, ஒரு சிறுவன் அவனுக்குச் சாயப் பலகையில் கரைசலைப் பரப்பிக் கொடுக்கிறான். செப்புத் தகட்டு யந்திரம் சுற்றுகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூரிகையால் நீலம் தீட்டுகிறார்கள். காற்றுப் பட்டால் அவுரி கெட்டுவிடும் என்பதால் அந்த நீலத்தில் ஆர்சனிக் கலந்த தாது சேர்ப்பார்கள். அதைத்தான் அந்தப் பெண்கள் நாள் முழுக்கக் கையாண்டார்கள். மஞ்சளின் மேல் அவர்கள் நீலம் தீட்டினால்தான் பச்சை. ஒரே அச்சில் பச்சை வந்தது ஓபர்காம்ஃப்பின் மருமகன் சாமுவேல் விட்மர் 1808 வாக்கில் வழி கண்ட பிறகு.

ஒரு துணி உருவாகும் கதையை அந்தத் துணியிலேயே அச்சடித்து, உழைப்பாளிகளை அரச குடும்பத்தார் வீட்டுத் திரையில் ஏற்றியது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அந்தப் படம் வெளுப்பதில் தொடங்குகிறது. துணி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதில் இடமில்லை. தறி இல்லை, கப்பல் இல்லை, சாயவேர் தோண்டிய கை இல்லை. துணியின் இரு நுனிகளிலும் சட்டப்படி முத்திரை அச்சடித்தார்கள்: ஓபர்காம்ஃப் அரச பட்டறை, வெர்சாய் அருகே ழூயி, சாயம் போகாதது. சாயம் போகாமல் இருப்பதற்கான வித்தையைக் கொடுத்தவன் பெயருக்கு முத்திரை ஏது?

உவேயின் கைக்கு நாட்டு நடப்பு அடுத்தடுத்து வந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் துணை நின்றதைக் கொண்டாடி, பிரான்சுக்கு அமெரிக்கா செலுத்தும் வணக்கம் என்ற சீலை. அமெரிக்காவை இறகுக் கிரீடம் சூடிய பெண்ணாக வரைந்திருக்கிறார். இங்கிலாந்தில் போரில் தோற்றவர்களின் பட்டறைகளே ஃபிராங்க்ளினையும் வாஷிங்டனையும் புகழ்ந்து சீலை அச்சடித்து அமெரிக்காவுக்கு விற்றன. 1789 ஆகஸ்டில் பிரெஞ்சு தேசிய மன்றம் பதினாறாம் லூயிக்குச் சுதந்திரத்தை மீட்டவர் என்ற பட்டம் கொடுத்தது. ழூயியிலிருந்து அதே பெயரில் ஒரு சீலை வந்தது. 1790 ஜூலை 14 அன்று ஷாம் த மார்ஸில் அரசரும் மக்களும் சேர்ந்து உறுதிமொழி எடுத்த விழாவும் சீலையானது. அதில் பாஸ்டில் சிறை இடிபடுகிறது. 1793 ஜனவரியில் லூயியின் தலை வெட்டப்பட்டது. செப்புத் தகடு செதுக்குவது மாதக்கணக்கில் பிடிக்கும், பணம் விழுங்கும் வேலை. அரசியல் அதைவிட வேகமாகத் திரும்பியது. உவே பிறகு கிரேக்கப் புராணத்துக்கும் எகிப்தின் சின்னங்களுக்கும் நகர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. கட்டில் திரையை மாற்றுவதற்குள் அதில் உள்ள அரசன் துரோகியாகிவிடும் காலம் அது.

1802இல் உவே பால்-விர்ஜினி கதையைச் சீலையாக்கினார். மொரீஷியஸ் தீவில் நடக்கும் அந்த நாவலில், தப்பி ஓடிய ஓர் அடிமைப் பெண்ணுக்காக விர்ஜினி மன்றாடுவாள். அதே 1802இல் நெப்போலியன் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை மீண்டும் சட்டமாக்கினார். மென்மையான கதை படுக்கையறையில், சவுக்கு கடலுக்கு அப்பால். அந்தத் தீவை உண்மையில் கட்டியெழுப்பியவர்களில் புதுச்சேரியிலிருந்து போன தமிழ்க் கொத்தனார்களும் தச்சர்களும், பிடித்துக்கொண்டு போன அடிமைகளும் இருந்தார்கள்.

இங்கேதான் இந்தத் துணியின் இருண்ட பகுதி வருகிறது. நாந்த் துறைமுகம் பிரான்சின் அடிமை வணிகத்துக்குத் தலைமையிடம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஏற்றிச்சென்ற சரக்கில் துணிக்கே முதலிடம்: இந்தியச் சீலைகள், புதுச்சேரியின் நீலத் துணி, பிறகு நாந்த் பட்டறைகளிலேயே அவற்றைப் பார்த்து அச்சடித்த சீட்டிகள். பெத்திபியேர் போன்ற பட்டறைகள் ஒரு பக்கம் வீட்டுத் திரைகள் அச்சடித்தன. இன்னொரு பக்கம் அதே ஊரிலிருந்து கப்பல்கள் ஆள் வாங்கப் போயின. 1820களில் ரூவானில் ஃபெல்த்ராப்பின் பட்டறை அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு சீலை வெளியிட்டது. ஆங்கில ஓவியர் மோர்லண்டின் படங்களைத் தழுவி, கடற்கரையில் குடும்பத்தைப் பிரித்துப் படகில் ஏற்றும் காட்சி. ஒரு காலத்தில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த பொருள், அந்தக் குற்றத்தைத் தன் மேலேயே எழுதிக்கொண்டது. சரித்திரக் காட்சிச் சீலைகளில் இதை நான் மிக உயர்வாக வைக்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1797இல் ழூயிக்குச் செப்பு உருளை வந்தது. வேலை பல மடங்கு வேகமானது, ஆனால் படம் உருளையின் சுற்றளவுக்குள் சுருங்கியது. 1806இல் நெப்போலியன் ழூயிக்கு வந்து ஓபர்காம்ஃப்புக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருதைக் கொடுத்தார். அதே ஆண்டு அயல்நாட்டு வெள்ளைப் பருத்தித் துணி பிரான்சுக்குள் வருவது தடைசெய்யப்பட்டது. ஓபர்காம்ஃப் தாமே எசோனில் நூற்பாலை வைத்தார். சோழமண்டலத் தறியோடு இருந்த உறவு அத்துடன் முறிந்தது. 1815இல், எதிரிப் படைகள் பிரான்சுக்குள் நுழைந்த ஆண்டில், அவர் இறந்தார். பட்டறை 1843இல் மூடப்பட்டது. 1869இல் ஜெர்மனியில் அலிசரின் என்ற செயற்கைச் சிவப்பு வந்ததும் பிரான்சின் மஞ்சிட்டி வயல்களும் நம் சாயவேர்த் தோண்டலும் ஒன்றாகவே அழிந்தன.

படங்கள் மட்டும் சாகவில்லை. நியூயார்க்கின் அலங்கார வடிவமைப்பாளர் ஷீலா பிரிட்ஜஸ் ஹார்லெமின் கறுப்பின வாழ்க்கையை அதே பாணியில் வரைந்து, ஆட்டிடையரும் சீமாட்டியும் நின்ற இடத்தில் கூடைப்பந்து ஆடும் இளைஞர்களை நிறுத்தினார். பழைய சீலையைத் தன் வரலாற்றுக்கு உரியதாக்கிக்கொள்ள அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ழூயியில் 1977இல் தொடங்கிய சீலை அருங்காட்சியகம் இப்போது எக்லாந்தீன் மாளிகையில் இயங்குகிறது. பாரிஸ் போகும் தமிழர்கள் ஈஃபில் கோபுரத்துக்குப் பிறகு ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாம். ஆனால் நான் கேட்பது அதைவிடப் பெரியது. பொலியூ வெட்டி அனுப்பிய துண்டுகளின் நேர்த்தியான நகல்கள் புதுச்சேரியில் மக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட வேண்டும். கேர்தூவின் கடிதமும் பொலியூவின் குறிப்பும் கடுக்காய், படிகாரம், பதங்கம், சாயவேர் என்ற நம் சொற்களோடு நம் நெசவுக் கல்லூரிகளில் பாடமாக வேண்டும். சாயவேர் இன்றும் நம் கடற்கரை மணலில் முளைக்கிறது. செய்முறை எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களை ஒரு பருவத்துக்கு அந்தக் கொப்பரையின் முன் நிறுத்துங்கள்.